ஆடும் காரும் துள்ளும் காரும்

ஒன்பதாம் அத்தியாயம்

தூக்குச்சட்டியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி அன்றும் ஒரு பக்கம்தான் நனைந்திருந்தது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாசலில் ஐயாவின் பெரிய காரை விட்டு இறங்கியதும் கமலாவதி முதலில் அதைத்தான் பார்த்தாள். துணியின் இடது ஓரத்தில் பாற்கஞ்சி ஊறியிருந்தது. வலது ஓரம் காய்ந்தே இருந்தது. நேற்றுச் சின்னையாவின் காரில் வந்தபோது துணியின் நடு நனைந்திருந்தது. முந்தாநாள் மறுபடி ஓரம்.

மாமிக்குக் கண்ணில் கத்தி வைத்த நாளிலிருந்து அவள் இதைக் கவனித்து வருகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி சிந்துவதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாமி மீனாம்பிகை கமலாவதியின் தகப்பனாருக்கு மூத்த சகோதரி. தாயில்லாமற்போன இரண்டு தம்பிமாரை வளர்த்தவள். பிறகு மூத்த தம்பி கனகரத்தினத்தின் மனைவி மலாயாவில் காய்ச்சலில் இறந்தபோது, கப்பலில் வந்த கைக்குழந்தையையும் வாங்கி வளர்த்தாள். அந்தக் குழந்தைதான் கமலாவதி.

மாமியின் இடக்கண் பார்வை இளமையிலேயே அம்மை நோயில் போய்விட்டது. வலக்கண்ணைப் புரை மூடிக்கொண்டு வந்தது. இந்த ஐப்பசியில் உலை கொதிப்பதைக்கூட அவள் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். இருப்பது ஒரு கண். அதைத்தான் வெட்டியிருந்தார்கள்.

ஒருநாள் ஐயா கனகரத்தினத்தின் கார், மறுநாள் சின்னையா சோமசேகரத்தின் கார் என்று முறை வைத்துக் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் அக்காவைப் பார்க்க வராத நாள் இல்லை. ஒருவரோடொருவர் கதைத்த நாளும் இல்லை.

*

அன்று காலை பெரிய டொக்டர் மாமியின் கட்டிலருகில் நின்றார்.

"இண்டைக்குப் பின்னேரம் வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். "மழைக்கு வார்டு முழுக்க இருமல்காரர். இவவுக்கு அது தொத்தினால் கண் தப்பாது."

"வீட்டை போறதெண்டால்..." என்று தொடங்கிய கமலாவதிக்கு மிச்சம் வரவில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் அவளுக்கு எப்போதும் பாதி வசனம்தான் வரும்.

டொக்டருக்குப் புரிந்தது. "வெட்டின இடம் இன்னும் வடிவா ஒட்டேல்லை. தலை அதிரக்கூடாது. இருமக்கூடாது, அழக்கூடாது. எல்லாத்திலும் பார்க்க, வாந்தி சத்தி எடுக்கக்கூடாது. ஒருக்கா ஓங்காளிச்சால் போதும், உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் வெளியிலை வந்திடும். பிறகு நானும் ஒண்டும் செய்யேலாது. பொங்கலுக்கு முதல்நாள் உடுவில் வீட்டுக்கு வந்து நானே கட்டை அவிழ்க்கிறன்."

இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்த மாமி கட்டிலில் அசையாமல் கிடந்தாள். டொக்டரின் சப்பாத்துச் சத்தம் தூரப் போனதும் மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை, ஆற்றை காரிலை போறது?"

யாருடைய காரில் என்ற கேள்வி கமலாவதிக்கு விளங்கியது. மாமி கேட்டது காரைப் பற்றி மட்டும் அல்ல.

*

வெளி விறாந்தையில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். முற்றத்து வேம்பின் கீழ் இரண்டு கார்களும் நின்றன.

கனகரத்தினத்தின் கார் கறுப்பு. கதவு மூடினால் வீடு மாதிரி. தோல் மெத்தை, யன்னலுக்குப் பட்டுத் திரை. மலாயா றெயில்வேயில் பென்சன் எடுத்து வந்தவர் தம் மரியாதைக்கு அடையாளமாக வாங்கியது. சோமசேகரத்தினது சிவப்பு. இரண்டு பேர்தான் இருக்கலாம். நிலத்தோடு நிலமாகக் கிடக்கும். மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் பந்தயத்துக்கென்று வைத்திருந்து, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது.

"கமலா," என்றார் கனகரத்தினம், தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "உன்ரை சின்னையாவிட்டைச் சொல்லு, அக்கா என்ரை காரிலைதான் வருவா எண்டு. பின் சீற்றிலை இருந்தால் பஞ்சு மெத்தை."

சோமசேகரம் ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். "கமலா, உன்ரை ஐயாவிட்டைக் கேள். ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை இணுவில் சந்தியிலை அக்கா சத்தி எடுத்தது ஆற்றை பஞ்சு மெத்தையிலை எண்டு."

"அது வெறும் வயித்தோடை வெளிக்கிட்டது. சொல்லு."

"வயிறு வெறுமையில்லை, கார்தான் வள்ளம் மாதிரி ஆடினது எண்டு சொல்லு. என்ரை காருக்கு வில்லு இறுக்கம். துள்ளும், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஆடாது. றோட்டைப் பிடிச்சுக்கொண்டு போகும்."

"பிடிக்கிறது றோட்டையில்லை, ஏறினவையின்ரை முதுகெலும்பை. ஒழுங்கையிலை கிடக்கிற கல்லை ஒண்டொண்டா எண்ணிக் காட்டும். நேற்று மதகிலை உன்ரை தலை கூரைத் தடியிலை இடிச்சதோ இல்லையோ? சொல்லு பிள்ளை."

கமலாவதி உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் சொன்னது உண்மை என்றால் எதைச் சொல்வது?

தூணோடு நின்ற ஐயாவின் டிறைவர் சிமியோன் சிரிப்பை அடக்க மாட்டாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணனும் தம்பியும் கதைக்காமல் விட்டதற்குக் காரணம் பழையது. கனகரத்தினம் தம் வெள்ளைக்கார மேலதிகாரியிடம் தவம் கிடந்து தம்பிக்கு மலாயாவில் உத்தியோகம் எடுத்துக் கொடுத்தார். தம்பி ஒரு வருஷம் நிற்கவில்லை. சொல்லாமற் கொள்ளாமல் கப்பலேறி வந்து கொக்குவிலில் சுருட்டுக் கொட்டில் போட்டுவிட்டார். 'என்ரை முகத்திலை கரி பூசிப்போட்டான்' என்றார் அண்ணன். 'உனக்கு விருப்பமோ எண்டு ஒரு வார்த்தை கேட்டவரோ' என்றார் தம்பி. அதற்குப் பிறகு அவர்கள் பேச்செல்லாம் கமலாவதியின் வழியாகத்தான்.

அவள் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓரம் நனைந்தால் கஞ்சி பக்கத்துக்குப் பக்கம் ஆடியிருக்கிறது. நடு நனைந்தால் மேலே எகிறியிருக்கிறது. ஆட்டத்தில் மாமி சத்தி எடுப்பாள். எகிறலில் மாமியின் தலை அதிரும். எதுவாக இருந்தாலும் கண் போய்விடும்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை துணி நனையவே இல்லை!

அன்று உறவுக்காரி சின்னாச்சி பெரியம்மாவும் அவளுடைய மகள்மாரும் மாமியைப் பார்க்கவென்று ஐயாவின் காரின் பின் ஆசனத்தில் நெருக்கியடித்து ஏறினார்கள். சட்டி வைக்க இடமில்லை. சிமியோனுக்குப் பக்கத்தில், முன் ஆசனத்தில் வைத்துவிட்டாள். தான் இறுக்கிக் கட்டியதால்தான் சிந்தவில்லை என்று அன்று நினைத்தாள்.

இறுக்கிக் கட்டியது மட்டும்தானா? இடம் மாறியதா? பாரம் கூடியதா?

"ஐயா," என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடியும், "ஐயா, எனக்கு ஒருக்காக் காரைத் தாங்கோ. சிமியோனையும். சிவன் கோயிலடி மட்டும் போட்டு வாறன்."

"இப்பவோ? கோயிலுக்கோ?"

"சட்டியோடை," என்றாள்.

*

சட்டியில் கழுத்து மட்டும் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் காய்ந்த துணி ஒன்றை மாற்றிக் கட்டினாள். தாதி பத்மாவதி தந்த கட்டுத்துணிதான்.

முதலில் பின் ஆசனத்தில் வைத்துப் பார்த்தாள். ஓரம் தொப்பலாக நனைந்தது.

பிறகு முன் ஆசனத்தில் வைத்தாள். நனைந்தது, ஆனால் பாதிதான்.

பிறகு சின்னையாவின் காரில், மாட்டுவண்டி முந்திப் போகிற வேகத்தில். நடுவில் கைவைத்தாற்போல் ஈரம்.

"பாத்தியே, ஓரம் ஒரு சொட்டு இல்லை," என்றார் சோமசேகரம் பெருமையாக.

"நடுவிலை இருக்கு, சின்னையா."

அவர் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பெருமை கொஞ்சம் இறங்கியது.

"இனிப் பெரிய காரிலை பாரம் ஏத்திப் பாக்கவேணும்," என்றாள். "வெறும் பஸ் துள்ளும், சனம் நிறைஞ்சால் அமைதியாப் போகும். கண்டிருப்பியள்தானே."

"என்ன பாரம்?"

கமலாவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய துணிவு அதுதான். "நீங்கள் ரெண்டு பேரும் பின்னுக்கு ஏறவேணும்."

"உன்ரை ஐயா ஒருத்தரே போதாதோ?" என்றார் சோமசேகரம்.

"காணாது, சின்னையா."

கனகரத்தினம் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "அக்காவுக்காக," என்றார் வேம்பைப் பார்த்து.

அப்படித்தான் அன்று பகல் யாழ்ப்பாணத்தில் பலர் ஒரு காட்சியைக் கண்டார்கள். பட்டுத்திரை போட்ட பெரிய காரில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆசனத்தில், அவர் அந்த யன்னலாலும் இவர் இந்த யன்னலாலும் வெளியே பார்த்தபடி போனார்கள். நடுவில் கமலாவதி. முன்னால் சிமியோனுக்குப் பக்கத்தில், மரியாதையாக ஒரு தூக்குச்சட்டி.

சிவன் கோயிலடியில் திரும்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக் கமலாவதி துணியை அவிழ்த்தாள்.

ஓரத்தில் நாலைந்து சொட்டு. அவ்வளவுதான்.

கண் கலங்கியது. அவள் அதைக் காட்டவில்லை. "மாமியை முன்னுக்கு வைப்பம்," என்றாள். "பின் சீற் சக்கரச் சில்லுக்கு மேலை கிடக்குது. அதுதான் தூக்கித் தூக்கிப் போடுது. முன்னுக்கு அவ்வளவு இல்லை. பின்னுக்கு நாங்கள் பாரமா இருப்பம்."

*

கனகரத்தினத்தின் முகம் மாறியது.

"என்ன கதை கதைக்கிறாய்? முன் சீற்றிலையோ? அது கூலியாளும் மரக்கறிக் கடகப்பெட்டியும் போற இடம். அக்காவை அதிலை இருத்தவோ இந்தக் காரை வாங்கினனான்?"

"ஐயா, துணி..."

"துணி கிடக்கட்டும். டிறைவருக்குப் பக்கத்திலை எங்கடை வீட்டுப் பொம்பிளை இருந்து இணுவிலாலை போனால் சனம் என்ன கதைக்கும்?"

"எனக்கும் கையோடாது, ஐயா," என்றான் சிமியோன் உண்மையாகவே பயந்து. "அம்மா பக்கத்திலை இருந்தால் நான் எங்கை பாக்கிறது?"

"நீ றோட்டைப் பார்," என்றார் சோமசேகரம்.

தன் எண்ணம் முழுவதும் இப்படி ஓர் ஆசனத்தின் மரியாதையில் போய் முட்டும் என்று கமலாவதி நினைக்கவில்லை. ஐயா சொன்னதில் அன்பு இல்லாமலில்லை. நல்ல இடம் என்று தாம் நம்பிய இடத்தைத்தான் அக்காவுக்குக் கொடுக்க நின்றார். அதனால்தான் மறுத்துக் கதைப்பது கடினமாக இருந்தது.

"டிறைவர் பக்கத்திலை இல்லாமல்..." அவள் குனிந்தபடி சொன்னாள். "தம்பி பக்கத்திலை இருந்தால்?"

ஐயாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தவர் தம்பி ஒருவர்தான்.

சோமசேகரம் நிமிர்ந்து பார்த்தார். கனகரத்தினம் பார்க்கவில்லை. அந்தக் காரைச் சிமியோனைத் தவிர வேறொருவர் தொட அவர் விட்டதில்லை. தூசி தட்டக்கூட விட்டதில்லை.

"அக்காவைக் கேட்டுக்கொண்டு வா," என்றார்.

மாமி எல்லாவற்றையும் கேட்டாள். சட்டி, துணி, சிவன் கோயிலடி. நடுவில் ஒருமுறை அவள் வாய் கோணியது.

"சிரிக்கவும் கூடாதோ, பிள்ளை?"

"டொக்டர் சொல்லேல்லை, மாமி. எதுக்கும் வேண்டாம்."

"ரெண்டு பேரும் ஒரு சீற்றிலை இருந்தவங்களோ?"

"ஓம் மாமி."

மாமி கட்டிலின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கனகுவிட்டைச் சொல்லு. முன்னுக்கு இருந்தாலென்ன பின்னுக்கு இருந்தாலென்ன, எனக்குக் கண் கட்டியெல்லோ கிடக்கு. ஊர் என்னைப் பாத்திட்டுப் போகட்டும். நான் ஊரைப் பாக்கவேணும் எண்டுதானே இந்தப் பாடெல்லாம்."

கமலாவதி அதை அப்படியே போய்ச் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கனகரத்தினம் சிமியோனின் கையிலிருந்து கார்த் திறப்புச் சாவியை வாங்கினார். தம்பி இரண்டடி தூரத்தில் நின்றார். அந்த இரண்டடி போக அண்ணனால் முடியவில்லை. திறப்பைக் கமலாவதியின் உள்ளங்கையில் வைத்தார்.

"குடு," என்றார்.

*

பின்னேரம் மழை விட்டிருந்தது. வெயில் இல்லை.

மாமியை இரண்டு தம்பிமாரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முன் ஆசனத்தில் இருத்தி, கழுத்துக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்தார்கள். கமலாவதி நேர் பின்னால் இருந்து, கைகளை முன்னே நீட்டி மாமியின் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள். நடுவில் கனகரத்தினம். அந்தப் பக்கம், தன் எசமானோடு முதன்முதலாக ஒரே ஆசனத்தில், முழங்காலை ஒடுக்கிக்கொண்டு சிமியோன்.

"வடிவா இரு," என்றார் கனகரத்தினம். "நீ பாரம். ஒடுங்கினால் பாரம் குறையும்."

சோமசேகரத்தின் சிவப்புக் கார் வேம்பின் கீழேயே நின்றுவிட்டது.

கார் புறப்பட்டது. வேகமாக ஓடுவதற்குப் பெயர் போனவர் சோமசேகரம். அன்று அவர் ஓட்டியதைச் சைக்கிள்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு முந்திப் போனார்கள். கொக்குவிலில் அவருடைய சுருட்டுக் கொட்டிலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

கோண்டாவில் தாண்டியபோது மாமியின் கழுத்து விறைத்ததைக் கமலாவதியின் கைகள் உணர்ந்தன.

"மாமி?"

"நெஞ்சைப் பிரட்டுது, மோனை."

சோமசேகரம் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். யன்னல் திரையைக் கனகரத்தினம் ஒரே இழுவையில் அறுத்தெறிந்தார். ஈரக்காற்று உள்ளே வந்தது. கமலாவதி ஒரு கையால் மடியிலிருந்த எலுமிச்சைத் தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி மாமியின் மூக்கருகில் பிடித்தாள்.

"கண்ணைக் கட்டினதிலை என்ன வருதெண்டு தெரியேல்லை," என்றாள் மாமி மெல்ல. "திடீரெண்டு ஏறுது, திடீரெண்டு இறங்குது. அதுதான் பயமாக் கிடக்கு."

சோமசேகரம் ஸ்ரியறிங் வளையத்தை இறுக்கிப் பிடித்தார்.

"அக்கா, சின்னனிலை என்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு மழைக்குள்ளாலை போவியள். ஞாபகமோ? 'தம்பி, குழி வருது, இறுக்கிப் பிடி' எண்டு முன்னுக்கே சொல்லுவியள்."

"நீ கழுத்தை நெரிப்பாய்," என்றாள் மாமி.

"இண்டைக்கு நான் சொல்லுறன். நீங்கள் பிடியுங்கோ."

கார் மறுபடி நகர்ந்தது. சோமசேகரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "இப்ப ஒரு சின்ன மதகு, அக்கா. ஏறுறம். இந்தா இறங்குறம். இடக்கைப் பக்கம் கொஞ்சம் சரியும். முடிஞ்சுது. முன்னுக்கு மாடு ஒண்டு படுத்திருக்கு, நிக்கப் போறன். மாட்டுக்கு எழும்ப மனமில்லை. எழும்பிட்டுது."

மாமியின் கழுத்து இளகியது. இணுவில் சந்தி வந்தது. போகும்போது அவள் வாந்தி எடுத்த அதே இடம். யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கமலாவதி மட்டும் பிள்ளையாரை நினைத்துக்கொண்டாள். சந்தி பின்னால் போய்விட்டது.

*

உடுவிலில் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வெள்ளத்தில் கிடந்தது.

வேலிக்கும் வேலிக்கும் நடுவில் செம்மண் தண்ணீர். எது பள்ளம், எது மேடு என்று தெரியவில்லை. காலையில் வரும்போது இவ்வளவு இல்லை. மத்தியான மழை நிரப்பியிருந்தது.

சோமசேகரம் நிறுத்தினார். இந்த ஒரு இடத்தில் அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காணாததை எப்படிச் சொல்வது?

"நான் இறங்கிப் பாக்கிறன்," என்றான் சிமியோன்.

"நீ இரு. பாரம்," என்றார் கனகரத்தினம்.

அவர் சிமியோனைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, மலாயாத் தொப்பி. முழங்கால் மட்டும் தண்ணீர் வந்தது. கைத்தடியை ஊன்றிக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். ஓரிடத்தில் தடி பாதிக்கு மேல் போய்விட்டது. அவரே ஒரு பக்கம் சரிந்து வேலியைப் பிடித்து நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் திரும்பி நின்று கையைத் தூக்கினார். கமலாவதியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வளையத்தைப் பிடித்திருந்த தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சோமு! இஞ்சாலை பள்ளம். வலக்கைப் பக்கம் வெட்டு."

"ஓம் அண்ணை," என்றார் சோமசேகரம்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். மெள்ள வா. காணும், இனி நேர விடு."

"அண்ணை, நீங்கள் நிக்கிற இடம்?"

"இது கல். பயப்பிடாமல் வா, மோனை."

தன்னைவிட ஏழு வயது இளைய தம்பியை அவர் பிள்ளையை அழைப்பதுபோல் 'மோனை' என்றதைத் தாமே அறிந்திருக்க மாட்டார். கார் நடக்கும் வேகத்தில் அவர் பின்னால் ஊர்ந்தது. அவர் பின்னுக்கு நடந்தபடி கையால் வழி காட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் சில்லில் சலசலத்தது. கமலாவதியின் கைகளுக்குள் மாமியின் தலை அதிரவில்லை. மிக மெல்லிய ஒரு நடுக்கம் மட்டும் வந்து போனது.

வீட்டுப் படலையடியில் கார் நின்றது.

*

மாமியை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அண்ணனும் தம்பியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் முழங்கால்வரை சேறு. மற்றவருக்குச் சட்டை முழுவதும் வியர்வை.

"வந்து சேந்திட்டம், அக்கா," என்றார் கனகரத்தினம். "பிள்ளைதான் கொண்டு வந்து சேர்த்தவள். சட்டியை வைச்சு."

கமலாவதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நன்றி என்று ஐயா சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆனால் அவர் அவளைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. தன்னைக் கைக்குழந்தையாகக் கப்பலில் அனுப்பிவைத்த தகப்பன் இன்றுதான் முதல்முறையாகத் தன்னை முழுதாகப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"சோமு," என்றாள் மாமி. "உன்ரை கார் எங்கை?"

"ஆஸ்பத்திரியிலை நிக்குது, அக்கா. விடியப் போய் எடுப்பன்."

"கனகு, நீயும் போ. எனக்கு மருந்து எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"சிமியோனை அனுப்புறன், அக்கா."

"சிமியோனுக்கு மருந்துப் பேர் தெரியாது. நீ போ. போகேக்கை பஸ்ஸிலை போங்கோ. வரேக்கை சோமுவின்ரை காரிலை வாங்கோ. அதிலை ரெண்டு பேர் இருக்கலாம்தானே?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். அந்தக் காரில் ஏறியவர்கள் தோளோடு தோள் முட்டாமல் இருக்க முடியாது. திரும்பிப் பார்க்க யன்னலும் இல்லை.

"அது துள்ளுமே, அக்கா," என்றார் கனகரத்தினம்.

"உனக்கென்ன, கண்ணிலையோ வெட்டினது?"

இருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் ஒருவரும் பிறகு மற்றவருமாக வெளியே போனார்கள். கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு சின்னையாவின் குரல். "அண்ணை, காலை நீட்டுங்கோ. நான் ஊத்துறன்."

கமலாவதி மாமியின் கண்கட்டை ஒழுங்குபண்ணக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

துணியின் ஓரத்தில் ஈரம்.

அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். காரில் கைகளுக்குள் வந்துபோன அந்த நடுக்கம்!

விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள். தூக்குச்சட்டித் துணியை ஒவ்வொரு நாளும் பார்த்ததுபோல, ஓரத்திலிருந்து நடுவாகவும் நடுவிலிருந்து ஓரமாகவும் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டாள். ஈரம் இடப்பக்கத்தில், காதோரம்வரை இறங்கியிருந்தது. வலப்பக்கம், வெட்டிய கண்ணுக்கு மேல், துணி உலர்ந்தே இருந்தது.

மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்தே இருந்தது.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?"

"மாமி, அழக்கூடாதெண்டு சொன்னதெல்லே."

"நான் அழேல்லை, மோனை," என்றாள் மாமி. "அது மற்றக் கண்."